உம்மாவின் கரி அடுப்பு



உங்கள் வீட்டுக் குசினி மூலையிலோ கிணற்றடிக் கொட்டிலிலோ ஒரு பழைய கரி அடுப்பு கிடக்கலாம். பழைய இரும்பு வாங்குபவர் வந்தால் நிறுத்துக் கொடுத்துவிடலாம் என்று நீங்கள் நினைத்திருக்கவும் கூடும். கொடுப்பதற்கு முன் இதை ஒருமுறை வாசித்துவிடுங்கள். அப்படியோர் அடுப்புத்தான் எங்கள் வீட்டில் ஒரு ரமழானைக் காப்பாற்றித் தந்தது. அதே அடுப்பு ஒரு குளிர் இரவில் என் பேரப்பிள்ளையின் உயிரையும் கேட்டது. இரண்டையும் சொல்லத்தான் எழுதுகிறேன்.

யாழ்ப்பாணம் சோனகத் தெருவில் நாங்கள் பிறந்து வளர்ந்த வீட்டில் உம்மாவின் கரி அடுப்பு இருந்தது. கனத்த இரும்புத் தகட்டை வளைத்துச் செய்த உருளை. மூன்று கால்கள். நடுவில் துளைகள் உள்ள வார்ப்பிரும்புத் தட்டு. அதன் கீழே சாம்பல் விழும் அறை, அதற்கு இழுத்து மூடும் சின்னக் கதவு. உள்ளே இரண்டு விரல் தடிப்பில் களிமண் பூச்சு. சட்டியைத் தாங்க விளிம்பில் மூன்று குமிழ்கள். நோன்புக் கஞ்சி, வட்டிலப்பம், பெருநாள் புரியாணி எல்லாம் அதில்தான். புரியாணிச் சட்டியின் மூடிமேல் தணலை அள்ளிப் போட்டு உம்மா தம் வைப்பதைப் பார்த்துக்கொண்டே இருப்பேன். பார்த்தேனே தவிர ஒன்றையும் கேட்டுப் படிக்கவில்லை. எனக்கு அப்போது பன்னிரண்டு வயது. உம்மா எப்போதும் இருப்பார், அடுப்பும் எப்போதும் இருக்கும் என்ற நினைப்பு.

1990 ஒக்டோபர் 30ஆம் திகதி எங்களை ஜின்னா மைதானத்துக்கு வரச் சொன்னார்கள். இரண்டு மணித்தியாலத்துக்குள் ஊரை விட்டுப் போய்விட வேண்டும் என்பது ஆயுதம் ஏந்தியவர்களின் உத்தரவு. அந்த மாதக் கடைசியில் வட மாகாணம் முழுவதிலுமிருந்து 70,000க்கும் அதிகமான முஸ்லிம்கள் அப்படி வெளியேற்றப்பட்டார்கள். அந்தப் பதற்றத்திலும் உம்மா செய்த ஒரு காரியம் என் கண்ணில் நிற்கிறது. வாப்பா வாசலில் நின்று அவசரப்படுத்திக்கொண்டிருந்தார். உம்மா குசினிக்குள் திரும்பிப் போனார். அடுப்பில் கனன்றுகொண்டிருந்த தணலைத் தகரப் பேணியில் அள்ளி இறுக மூடிவிட்டுத்தான் வந்தார். திரும்ப வரமாட்டோம் என்று தெரிந்த வீட்டில் நெருப்பை அணைத்து என்ன பயன் என்று எனக்கு அன்று விளங்கவில்லை.

பிறகு புத்தளம், தில்லையடிக் கொட்டில், மூன்று கல் வைத்த விறகடுப்பு. 2004இல் உம்மா அங்கேயே வஃபாத்தானார். இன்னா லில்லாஹி வஇன்னா இலைஹி ராஜிஊன்.

போர் முடிந்து 2010இல் நாங்கள் ஊர் பார்க்க வந்தபோது வீட்டில் கூரையும் இல்லை, கதவு நிலைகளும் இல்லை. சுவர்களுக்கு நடுவே மரம் முளைத்திருந்தது. நாங்கள் நின்று அழுதுகொண்டிருந்த நேரம், ஒழுங்கையின் மறுமுனையில் இருந்த தமிழ் மாமி வந்தார். என் கையைப் பிடித்துக்கொண்டு சொன்னார்: "பிள்ளை, உங்கட உம்மாவின்ர கரி அடுப்பு எங்களிட்டக் கிடக்கு. அந்த ஆண்டே நான்தான் எடுத்து வைச்சனான். வேற ஒண்டையும் காப்பாத்த ஏலாமல் போச்சு."

மண்ணெண்ணெய் கிடைக்காத அந்தத் தடைக்காலத்தில் அவர்கள் வீட்டுக்கு அந்த அடுப்புத்தான் சோறு போட்டிருக்கிறது. 1995 ஒக்டோபர் 30ஆம் திகதி, நாங்கள் போய்ச் சரியாக ஐந்து வருஷத்தில், யாழ்ப்பாணத்துச் சனம் முழுவதும் கொட்டும் மழையில் தென்மராட்சி நோக்கி நடந்தது. மாமியும் போனார். போகுமுன் அடுப்பைச் சாக்கில் சுற்றிக் கிணற்றடியில் தாட்டு வைத்துவிட்டுப் போயிருக்கிறார். மறுவருஷம் திரும்பி வந்து கிண்டி எடுத்தபோது அடித்தகடு துருப்பிடித்துவிட்டது. "இது உங்கட பொருள். நீங்கள் வருவியள் எண்டு வைச்சிருந்தனான்" என்றார். அமானிதம் என்ற சொல் அவருக்குத் தெரியாது. ஆனால் அதற்கான பொருளை நான் அவரிடம்தான் படித்தேன்.

வீட்டைக் கட்டிக் குடியேறிய பிறகும் அந்த அடுப்பு கொட்டிலில்தான் கிடந்தது. காஸ் அடுப்பு இருக்கும்போது கரியை யார் ஊதுவது? 2021 தொடக்கத்தில் 1,500 ரூபாயை அண்டி இருந்த 12.5 கிலோ சிலிண்டர், 2022 ஏப்ரலில் 4,860 ரூபாய். அந்த விலைக்கும் கிடைக்கவில்லை. மார்ச் கடைசியில் ஒரு நாளைக்குப் பதின்மூன்று மணித்தியாலம் மின்வெட்டு. ரமழான் வாசலில் நின்றது. அப்போதுதான் கொட்டில் ஞாபகம் வந்தது.

திருத்திய விதம்

முதலில் கம்பித் தூரிகையால் துருவைச் சுரண்டினேன். ஓட்டை விழுந்த அடித்தகட்டுக்குப் பதிலாக வெல்டிங் கடையில் புதுத்தகடு வைத்தோம். நாகம் பூசிய தகடு வேண்டாம், சாதாரண இரும்புத் தகடுதான் வேண்டும் என்று சொல்லிச் செய்யுங்கள். நாகப்பூச்சு அதிக சூட்டில் எரிந்தால் அந்தப் புகை உடம்புக்கு ஆகாது. துளைத்தட்டு தப்பியிருந்தது. அடைபட்ட துளைகளை ஆணியால் குத்தித் திறந்தேன்.

அடுத்தது உள்பூச்சு. மண்ணைத் தெரிந்தவர் மாமிதான். புற்றுமண் இரண்டு பங்கு, மணல் ஒரு பங்கு, கொஞ்சம் உமிச்சாம்பல். மண்ணை இரண்டு தரம் அரிக்க வேண்டும் என்று பிடிவாதமாக நின்றார். எங்கள் ஊர் சுண்ணாம்புக்கல் பூமி. மண்ணில் கடுகளவு சுண்ணாம்புக்கல் கிடந்தாலும் நெருப்பில் வெந்து நீற்றாத சுண்ணாம்பாகிவிடும். பிறகு ஈரம் பட்டதும் அது பொங்கிப் பூச்சைப் பிளந்துவிடும். அரித்த மண்ணைக் குழைத்து ஒரு இரவு ஊறவைத்து, பழைய பூச்சை நனைத்து, அதன்மேல் அப்பினோம்.

"பத்து நாள் நிழலில காயவிடு" என்றார் மாமி. நான் விடவில்லை. முதல் நோன்பன்று நாலாம் நாள். மேலே காய்ந்துதானே இருக்கிறது என்று அஸருக்குப் பிறகு கரியைக் கொட்டி மூட்டினேன். கால் மணித்தியாலத்தில் 'டப்' என்று ஒரு சத்தம். கையகல மண்துண்டு தெறித்துக் கஞ்சிச் சட்டிக்குள் விழுந்தது. உள்ளே இருந்த ஈரம் ஆவியாகி வெளிவர வழியில்லாமல் வெடித்திருக்கிறது.

அன்று பேரீத்தம்பழமும் பள்ளிவாசல் கஞ்சியும் கொண்டு நோன்பு திறந்தோம். பிள்ளைகளின் முகம் வாடியிருந்தது. நபி (ஸல்) அவர்களின் வீடுகளில் மூன்று பிறைகள் தொடர்ந்து கண்டும் அடுப்பு எரியாமல் இருந்ததுண்டு, பேரீத்தம்பழமும் தண்ணீருமே உணவாக இருந்தன என்று ஆயிஷா (ரலி) அவர்கள் அறிவித்ததை அவர்களுக்குச் சொன்னேன். சொல்லும்போது எனக்கே வெட்கமாக இருந்தது. ஒரு நாள் அடுப்பெரியாததற்கு நான் எவ்வளவு சலித்துக்கொண்டேன்!

மறுபடி பூசி, பத்து நாள் பொறுத்து, பிறகு மூன்று நாள் சுள்ளியும் பன்னாடையும் போட்டுச் சிறுநெருப்பு மட்டும் காட்டினோம். அதன்பின் பூச்சு கல்லாகிவிட்டது. இன்றுவரை அசையவில்லை, அல்ஹம்துலில்லாஹ்.

மூட்டப் படித்த விதம்

திருத்தியது ஒரு மாத வேலை. மூட்டப் படிக்க அதைவிட அதிகமாகச் சென்றது. புத்தளத்தில் இருக்கும் என் சாச்சி தொலைபேசியில் ஆசிரியையானார்.

மண்ணெண்ணெய் ஊற்ற வேண்டாம். அதன் வாடை சோற்றில் ஏறும், கையையும் சுடும். தட்டின் மேல் தென்னந்தும்பும் காய்ந்த சிரட்டைத் துண்டு நாலைந்தும் வைத்து மூட்டி, அது எரியும்போது சிரட்டைக்கரியைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்ட வேண்டும். பனங்கிழங்கு கிண்டியபின் மிஞ்சும் ஊமலைக் கரியாக்கினால் அதுவும் நல்லது. எங்கள் ஊரில் அது குப்பையோடு போகிறது. கடலோரக் கடைகளில் சில இடத்தில் நிலக்கரி கிடைக்கிறதே என்று யாரும் கொண்டுவந்தால் வாங்காதீர்கள். அது இந்த அடுப்புக்கு உரியதல்ல, அதன் கந்தகப் புகை குசினிக்கு ஆகாது.

கரி கறுப்பாக இருக்கும்போது சட்டியை வைக்கக் கூடாது. மேலே மெல்லிய சாம்பல் பூத்து உள்ளே சிவந்த பிறகுதான் சூடு சீராகும். அதுவரை அடுப்பு வெளியில் இருக்கட்டும். கீழ்க்கதவை முழுதாகத் திறந்தால் பெருஞ்சூடு. சோறு கொதி வந்ததும் பாதி மூடுங்கள், கஞ்சிக்கு ஒரு விரல் இடைவெளி போதும். பங்கா பிடித்து விசிறுவதைவிட அந்தக் கதவைப் படிப்பதுதான் கெட்டித்தனம். ஆணம் கொதிக்காமல் நின்றால் கரியை அள்ளிக் கொட்டாதீர்கள். முதலில் சாம்பலைத் தட்டிப் பாருங்கள். பெரும்பாலும் சாம்பல் காற்றை அடைத்திருக்கும். ஐந்து பேருக்குச் சோறும் ஓர் ஆணமும் ஆக்க எனக்கு இப்போது ஒரு கிலோவுக்கும் குறைவான கரி போதும். முதல் வாரத்தில் அதைப்போல் மூன்று மடங்கு எரித்தேன்.

அந்தப் பெருநாளைக்கு உம்மா செய்ததுபோல் மூடியில் தணல் போட்டுப் புரியாணி தம் வைத்தேன். மாமி வீட்டுக்கு மரக்கறிச் சாப்பாடு தனியாக அனுப்பினேன். அன்று அவர்களுக்கு விரத நாள்.

அந்த இரவு

இனிச் சொல்வதைக் கவனமாக வாசியுங்கள், சகோதரிகளே.

2022 டிசம்பர் இரண்டாம் வாரம் புயல்காற்றோடு வடக்கில் நாங்கள் அறியாத குளிர் அடித்தது. மாடுகள் செத்து விழுந்தன. தலைப்பிரசவத்துக்கு வந்த என் மகள் பன்னிரண்டு நாள் பிள்ளையோடு அறையில் கிடந்தாள். பிள்ளையின் கை கால் சில்லிட்டிருந்தது. பிள்ளைப்பெற்ற வீட்டில் தணல் வைப்பது வழக்கம்தானே என்று, சமைத்து முடிந்த அடுப்பைக் கதவை மூடித் தணித்து, அறைக்குள் கொண்டுபோய் வைத்தேன். மழைச்சாரலுக்காக யன்னல்களையும் அடைத்தேன். புகை துளியும் இல்லை. அறை இதமாக இருந்தது. என் மனமும் நிறைந்திருந்தது.

தஹஜ்ஜுத் நேரம் விழித்தபோது என் தலை பிளந்தது. எழுந்தால் கால் தள்ளாடியது. மகள் வாந்தி எடுத்துக்கொண்டிருந்தாள். பிள்ளை பாலுக்கு அழவில்லை. தூக்கினால் துணிபோலத் துவண்டது. யா அல்லாஹ் என்று கத்திக்கொண்டு கதவைத் திறந்து மூவரும் விறாந்தைக்கு விழுந்தோம். வைத்தியசாலையில் பிள்ளைக்கு ஒட்சிசன் கொடுத்தார்கள். விடிந்தபின் அது அழுத அழுகையைப்போல் இனிய சத்தத்தை நான் கேட்டதில்லை.

வைத்தியர் விளக்கினார். கரி குறைந்த காற்றில் எரியும்போது காபன் மொனொக்சைட் என்ற வாயு வரும். அதற்கு நிறமில்லை, மணமில்லை. இரத்தத்தில் ஒட்சிசன் உட்கார வேண்டிய இடத்தை அது 200 மடங்குக்கும் அதிகமான பிடிப்போடு பிடித்துக்கொள்ளும். தலையிடி, குமட்டல், தூக்கம், பிறகு விழிப்பே இல்லை. புகையில்லை என்பது பாதுகாப்பல்ல. கதவை மூடித் தணித்த தணல்தான் இன்னும் ஆபத்து. கர்ப்பிணிகளுக்கும் பச்சைப் பிள்ளைகளுக்கும் அது கடுமை.

சாச்சிக்கு அழுதுகொண்டே சொன்னேன். அவர் ஏசவில்லை. ஒரு கேள்விதான் கேட்டார்: "மகள், உங்க உம்மா இஷாவுக்குப் பிறகு நெருப்ப வீட்டுக்குள்ள வெச்சத நீங்க எப்பயாவது கண்டிருக்கீங்களா?"

இல்லை, ஒருநாளும் இல்லை. உறங்கும்போது வீட்டில் நெருப்பை விட்டுவைக்க வேண்டாம் என்று நபி (ஸல்) அவர்கள் தடுத்ததை இப்னு உமர் (ரலி) அறிவித்திருக்கிறார்கள். மதீனாவில் ஓர் இரவு ஒரு வீடு ஆட்களோடு எரிந்துபோன செய்தி வந்தபோது, நெருப்பு உங்கள் எதிரி, உறங்குமுன் அணைத்துவிடுங்கள் என்று சொன்னதை அபூ மூஸா (ரலி) அறிவித்திருக்கிறார்கள். இரண்டும் புகாரியிலும் முஸ்லிமிலும் உள்ளவை. நான் மத்ரஸாவில் ஓதியவைதான். உம்மா அதைக் கையால் செய்தார். நான் வாயால் மட்டும் ஓதியிருந்தேன். வீட்டையே விட்டுப் போன அன்றும் தணலை மூடிவிட்டு வந்தவரின் மகள் நான்.

இப்போது எங்கள் வீட்டில் ஒரு ஒழுங்கு. கரி அடுப்பு இரண்டு பக்கமும் திறந்த பின்விறாந்தையில் மட்டும் எரியும். படுக்கையறைக்குத் தணலும் இல்லை, மூடிய அறையில் சாம்பிராணிச் சட்டியும் இல்லை. சமையல் முடிந்ததும் தணலைத் தகரப் பேணியில் அள்ளி இறுக மூடி முற்றத்தில் வைப்போம். விடியும்வரை பேணியைத் திறப்பதில்லை. அடுப்பில் தண்ணீர் ஊற்றுவதுமில்லை, பூச்சு வெடித்துவிடும். பேணிக் கரி மறுநாள் மூட்ட உதவும், சாம்பல் சட்டி துலக்கவும் முருங்கை அடிக்கும் போகும். தலை லேசாக வலித்தாலும் முதல் வேலை வெளியே வருவது.

காஸ் இப்போது கிடைக்கிறது. ஆனாலும் வெள்ளிக்கிழமைகளில் உம்மாவின் அடுப்பை எரிக்கிறேன். மகளை அருகில் இருத்திக் கதவை எவ்வளவு மூடுவது என்பதிலிருந்து பேணியை மூடுவதுவரை அவள் கையாலேயே செய்விக்கிறேன். உங்கள் வீட்டிலும் உம்மாவோ மாமியோ சாச்சியோ இருந்தால், இன்றே பக்கத்தில் உட்கார்ந்து கேளுங்கள். எப்படி மூட்டுவது என்பதோடு நிறுத்திவிடாதீர்கள். எப்படி அணைப்பது என்பதையும் கேளுங்கள்.

பிறர் பொருளை இருபது வருஷம் காத்துத் தந்த அந்த மாமிக்கு அல்லாஹ் நல்லருள் புரிவானாக. எங்கள் உம்மாமார்களின் கப்றுகளை ஒளிமயமாக்குவானாக. ஆமீன்.