150 வெள்ளி வாசல்

பேஃபிரண்ட் ரயில் நிலையத்தில் இறங்கி, பேரங்காடி வழியாக நடந்தால் மரினா பே சாண்ட்ஸ் சூதாட்டக்கூடத்தின் வாசல் வந்துவிடுகிறது. கூட வந்த சித்தப்பா மகன் சிங்கப்பூர்க் குடிமகன். வாசலோடு நின்றுகொண்டான். "நீங்க போய்ப் பாருங்கண்ணே. உங்களுக்கு பாஸ்போர்ட் போதும். நான் வரணும்னா 150 வெள்ளி கட்டணும்."

வெளிநாட்டவருக்கு ஒரு வரிசை, உள்நாட்டவருக்கு இன்னொன்று. குடிமக்களும் நிரந்தரவாசிகளும் 24 மணி நேரத்துக்கு 150 வெள்ளி (சிங்கப்பூர் டாலர்) செலுத்த வேண்டும். ஆண்டுக் கட்டணம் 3,000. 2019 ஏப்ரல் வரை இவை முறையே 100, 2,000 வெள்ளியாக இருந்தன. இந்தப் பணம் கூடத்தின் முதலாளிக்குப் போவதில்லை. பொதுநலப் பணிகளுக்குப் போகிறது. 21 வயது நிரம்பாதவருக்கு அனுமதியே இல்லை.

சுற்றுலாவையும் வேலைவாய்ப்பையும் முன்வைத்து, சூதாட்டக்கூடங்களை அனுமதிக்கும் முடிவை 2005 ஏப்ரலில் அன்றைய பிரதமர் லீ சியன் லூங் நாடாளுமன்றத்தில் அறிவித்தார். கடும் எதிர்ப்பு இருந்தது. 2010இல் முதலில் செந்தோசா தீவிலும் பிறகு இங்கும் கூடங்கள் திறந்தன. சொந்த மக்களுக்கு எதிரே எழுப்பிய தடுப்புதான் அந்தக் கட்டணம்.

உள்ளே போனதும் பகலா இரவா என்பது மறந்துபோகிறது. கடிகாரம் ஒன்றுகூட என் கண்ணில் படவில்லை. பக்காரா என்னும் சீட்டாட்ட மேசைகளைச் சுற்றித்தான் கூட்டம். ஒருவர் சீட்டின் ஓரத்தை மெல்ல மெல்ல மடக்கிப் பார்க்க, பின்னால் நிற்பவர்கள் மூச்சைப் பிடித்துக்கொள்கிறார்கள். ஆட்டத்தின் இரு தரப்புச் சீட்டுகளும் சமமாக வரும் என்று பந்தயம் கட்டினால் ஒன்றுக்கு எட்டு கிடைக்கும். கேட்க ஆசையாக இருக்கிறது. ஆனால் நூறு ஆட்டத்தில் சமம் விழுவது ஏறத்தாழ ஒன்பதரை முறைதான். ஆக, அதில் வைக்கும் ஒவ்வொரு 100 வெள்ளியிலும் சராசரியாக 14 வெள்ளி கூடத்துக்கே சேருகிறது. இதில் ஏமாற்று எதுவும் இல்லை, விதியே அப்படி.

கூடத்துக்குள் ஏடிஎம் வைக்கச் சட்டம் இடம் தரவில்லை. அரசின் நிதியுதவி பெறுவோரும் கடனில் நொடித்துப்போனவரும் சட்டப்படி தானாகவே தடைப் பட்டியலில் சேர்க்கப்பட்டுவிடுகிறார்கள். மனைவியோ பெற்றோரோ மனுக் கொடுத்தும் ஒருவருக்குத் தடை வாங்கலாம்.

இத்தனையும் பார்த்துக்கொண்டே நடந்தபோது ஒரு சூதாட்ட இயந்திரத்தின் முன் தமிழ்க் குரல் கேட்டது. "இன்னும் ஒரே தடவைடா, கிளம்பிடலாம்." வேலைக்களைப்பு முகத்தில் தெரிந்த ஓர் இளைஞர். ஊரிலிருந்து வேலைக்கு வந்தவர் போலும்; அப்படியானால் அவருக்கும் என்னைப்போல் நுழைவு இலவசம். ஊரில் நகையை அடகு வைத்து ஏஜெண்டுக்குப் பணம் கட்டி வந்தவர்கள் எத்தனை பேரை எனக்குத் தெரியும்! குடிமகனை 150 வெள்ளி யோசிக்க வைக்கிறது. இவரை நிறுத்தி யோசிக்க வைக்க அந்த வாசலில் எதுவும் இல்லை.

ஆனால் வழி ஒன்று இருக்கிறது. வேலை அனுமதியில் இருப்பவரும் தன்னை உள்ளே விடாதீர்கள் என்று தேசிய சூதாட்டப் பிரச்சினைத் தடுப்பு மன்றத்திடம் தானே எழுதிக் கொடுக்கலாம். உதவி எண் 1800-6-668-668. சிங்கப்பூரில் உங்கள் தம்பியோ மகனோ வேலை பார்த்தால், அடுத்த முறை பேசும்போது இந்த எண்ணைக் குறித்துக்கொள்ளச் சொல்லுங்கள்.