புள்ளடி இடாத ஒரு கட்டம்

சென்ற ஆண்டு இலையுதிர் காலத்தில் நாங்களும் ஒரு மின்சாரக் கார் வாங்கினோம். நோர்வேயில் இதைச் சொல்லிப் பெருமைப்பட எதுவுமில்லை. 2024 இல் இந்த நாட்டில் பதிவான புதிய கார்களில் பத்துக்கு ஏறத்தாழ ஒன்பது மின்சாரத்தில் ஓடுபவை. ஆகவே வாங்கியது செய்தியன்று. வாங்குமுன் ஒரு தாளை மேசையில் விரித்துவைத்து நானும் மனைவியும் மூன்று மாலைகள் வாதாடினோம். அதைப் பற்றித்தான் எழுத நினைக்கிறேன்.

அந்தத் தாள், காருக்குரிய மேலதிகத் தெரிவுகளின் பட்டியல். ஒவ்வொரு வரியின் முன்பும் ஒரு சிறு கட்டம். வேண்டுமென்றால் புள்ளடி இடவேண்டும். புள்ளடி கூடக் கூட விலையும் கூடும். கண்ணாடிக் கூரை, பெரிய சில்லுகள், இழுவைக் கொக்கி ஆகியவற்றை முதல் மாலையிலேயே தள்ளிவிட்டோம். பெரிய சில்லு அழகாக இருக்கலாம். ஆனால் ஓடும் தூரத்தைக் குறைக்கும், அதற்குரிய பனிக்கால டயரின் விலையும் அதிகம். நான்கு சில்லுகளுக்கும் விசை தரும் இரட்டை மோட்டாரும் வேண்டாமென்று முடிவாயிற்று. நகரத்து வீதிகளில் பனி வழித்துவிடுகிறார்கள். நல்ல டயர் போதும். எஞ்சியவை எல்லாம் ஏதோ ஒரு வகையில் வெப்பம் பற்றியவை. வாதம் அங்கேதான் தொடங்கியது.

1988 இல் நான் வடகோடியில், வார்டோவில், மீன் தொழிற்சாலையில் வேலை செய்தேன். மக்கள் உயர்நிலைப் பள்ளி விசாவில் வந்து, பிறகு பின்மார்க்கின் மீன் தொழிற்சாலைகளுக்குப் போய்ச் சேர்ந்த எத்தனையோ தமிழ் இளைஞர்களில் நானும் ஒருவன். நாங்கள் மூவர் சேர்ந்து ஒரு பழைய பெற்றோல் கார் வைத்திருந்தோம். நாள் முழுவதும் கொட் மீனை அறுத்துக் கைகள் மரத்துப்போயிருக்கும். வேலை முடிந்ததும் காரை இயக்கிவிட்டு அப்படியே உட்கார்ந்திருப்போம். பத்து நிமிடத்தில் காற்றுத் துவாரங்களிலிருந்து சூடு வரத் தொடங்கும். ஆறு கைகளும் அந்தத் துவாரங்களை மொய்க்கும். அந்தச் சூட்டுக்கு நாங்கள் தனியாக எதுவும் கொடுக்கவில்லை என்றே எண்ணியிருந்தோம்.

ஒருவகையில் அது சரிதான். பெற்றோல் எந்திரம் தான் குடிக்கும் எரிபொருளின் பெரும்பகுதியை வெப்பமாக வீணாக்குகிறது. அந்த வீண் வெப்பத்தில் ஒரு பங்கே காருக்குள் வரும். மின்மோட்டார் அவ்வளவு வீணாக்குவதில்லை. அதனாலேயே பயணிக்கு வேண்டிய வெப்பத்தைப் புதிதாக உண்டாக்க வேண்டியிருக்கிறது. அதே மின்கலத்திலிருந்து, ஓடவேண்டிய தூரத்திலிருந்து, அது கழிகிறது. இந்தக் கணக்கை விளங்கிக்கொண்டால் பட்டியலில் பாதி விளங்கிவிடும்.

காருக்குள் இருக்கும் காற்று முழுவதையும் சூடாக்கச் சில கிலோவாட் வேண்டும். இருக்கையைச் சூடாக்க நூறு வாட்டே ஏறத்தாழப் போதும். அறையை விட்டுவிட்டு ஆளைச் சூடாக்குவது சிக்கனம். வெப்பப் பம்பி என்று ஒன்றும் இருக்கிறது. குளிர்சாதனப் பெட்டியைத் திருப்பிவைத்ததுபோல் அது வெளிக்காற்றிலிருக்கும் கொஞ்ச வெப்பத்தையும் உள்ளே இறைக்கும். கடுங்குளிரில் அதன் பயன் குறையும்; ஆனால் ஒஸ்லோவின் பெரும்பாலான நாட்களுக்கு அது நல்ல தெரிவு. இருக்கைக்கும் வெப்பப் பம்பிக்கும் புள்ளடி இட்டோம். திசைமாற்றி வளையத்தைச் சூடாக்கும் வசதிக்கு என் மனைவி கேட்காமலேயே நான் இட்டேன். அவரும் அதே தொழிற்சாலையில் ஏழு ஆண்டுகள் நின்றவர். இப்போதும் குளிர் பட்டால் அவருடைய விரல்கள் நுனியிலிருந்து வெளுத்துவரும். முதியோர் இல்லச் சமையலறைக்குக் காலை ஆறேகாலுக்கு வெளிக்கிடுகிறவர் அவர்தான்.

அவர் கேட்டது வேறு. பெரிய மின்கலம்.

"பிள்ளை துரொண்ட்ஹைமில இருக்கிறாள். நடுச்சாமத்தில கூப்பிட்டால் வழியில நிண்டு நிண்டே போறது?"

மகள் அப்போது நான்கு மாதக் கர்ப்பிணி.

"வருசத்தில நாலுதரம் போறதுக்கு என்னத்துக்கு? மற்ற நாளெல்லாம் அதைச் சும்மா சுமந்துகொண்டெல்லோ திரியவேணும்" என்றேன்.

என் கணக்கு பிழையென்று இன்றும் சொல்லமாட்டேன். ஒஸ்லோவிலிருந்து துரொண்ட்ஹைமுக்கு ஏறத்தாழ 500 கிலோமீற்றர். பெரிய மின்கலம் வாங்கினாலும் குளிர்காலத்தில் ஒருமுறை நிற்கத்தான் வேண்டும். நான் செய்த பிழை அடுத்த வரியில் இருந்தது. மின்னேற்றும் நிலையத்தை அடையுமுன் மின்கலத்தைச் சூடாக்கிவைக்கும் வசதி, நாங்கள் தேர்ந்த மாதிரியில் மேலதிகப் பணத்துக்குரியதாக இருந்தது. மின்கலத்துக்கும் போர்வையா என்று சிரித்தபடி அந்தக் கட்டத்தை வெறுமையாக விட்டேன். எங்களுடையது இரும்புப் பொஸ்பேற்று வகை மின்கலம் என்பதும், அந்த வகை குளிரில் மின்னேற்றம் பெற மிகவும் தயங்கும் என்பதும் தாளில் எழுதியிருக்கவில்லை. விற்பனையாளரிடம் கேட்டிருக்கலாம். கேட்கவில்லை.

ஜனவரியில், குறித்த நாளுக்குப் பன்னிரண்டு நாள் முன்னதாக, இரவு பதினொன்றுக்கு மருமகன் அழைத்தார். அரைமணியில் வெளிக்கிட்டோம். விளம்பரத்தில் 430 கிலோமீற்றர் என்றிருந்த கார் அன்றைய குளிரில் 260ஐக் காட்டியது. அதில் ஏமாற்று எதுவுமில்லை. ஐரோப்பியச் சோதனையில் தூரத்தை அளப்பது 23 பாகை வெப்பத்தில். லில்லஹாமரில் ஒருமுறை மின்னேற்றினோம். டொம்போஸை அடைந்தபோது வெளியே பூச்சியத்துக்குக் கீழ் 22 பாகை. நிலையம் 150 கிலோவாட் தரவல்லது. எங்கள் கார் 40ஐத் தாண்ட மறுத்தது.

மறுப்பதற்குக் காரணம் உண்டு. குளிர்ந்த இலிதியம் மின்கலத்துக்குள் வேகமாக மின்னைச் செலுத்தினால், உள்ளே படியவேண்டிய இலிதியம் மேற்பரப்பில் உலோகமாகப் படிந்து கலத்தைக் கெடுத்துவிடும். ஆகவே கார் தன்னைத்தானே காத்துக்கொள்கிறது. இதையெல்லாம் நான் படித்தது பிறகு. அன்றிரவு தெரிந்தது திரையிலிருந்த ஓர் எண் மட்டும். அரைமணியில் முடியும் என்று நினைத்தது ஒன்றேகால் மணி ஆயிற்று. வெப்பத்தை நிறுத்தினால் கொஞ்சம் மிச்சமாகும் என்று அதையும் நிறுத்தினேன். இருக்கைச் சூட்டோடு, மேலங்கியைக் கழற்றாமல் உட்கார்ந்திருந்தோம். மனைவி ஒரு சொல்லும் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் எனக்குச் சுகமாக இருந்திருக்கும்.

என் கண்கள் களைத்திருந்ததால் டொம்போஸுக்குப் பிறகு அவர்தான் ஓட்டினார். டோவ்ர மலைவெளியில் அந்த வீதி ஆயிரம் மீற்றருக்கு மேல் ஏறுகிறது. இருபுறமும் பனிக்காலக் கம்புகள் மட்டும் தெரிந்தன. மலையிலிருந்து இறங்குகையில் மருமகனின் குறுஞ்செய்தி வந்தது. பெண் குழந்தை, இருவரும் நலம். நாங்கள் போய்ச் சேர்ந்தபோது பேத்திக்கு வயது ஐம்பது நிமிடம். டொம்போஸில் இழந்ததும் ஏறத்தாழ அவ்வளவுதான்.

மகள் எங்களைத் தேடியிருக்கிறாள். "அம்மா எங்க எண்டு கேட்டுக்கொண்டே இருந்தவள்" என்று மருமகன் சொன்னார். குற்றமாகச் சொல்லவில்லை. குழந்தையை வாங்குமுன் மனைவி தன் விரல்களைக் கன்னத்தில் வைத்துப் பார்த்தார். "சூடாத்தான் இருக்கு" என்று தனக்குள் சொல்லிக்கொண்டு கைகளை நீட்டினார்.

இப்போது கார் வாங்கும் நண்பர்கள் என்னிடம் யோசனை கேட்கிறார்கள். இருக்கைக்கும் கைக்கும் சூடு வேண்டும் என்கிறேன். வெப்பப் பம்பியை விடவேண்டாம், எந்த வகை மின்கலம் என்று வாய்திறந்து கேளுங்கள் என்கிறேன். பெரிய மின்கலம் அவரவர் வசதி. ஆனால் மின்கலத்துக்கு ஒரு போர்வை கட்டாயம் வேண்டும் என்கிறேன். ஏன் என்று கேட்டால் இலிதியம் பற்றிய விளக்கத்தைச் சொல்கிறேன். டொம்போஸைப் பற்றிச் சொல்வதில்லை.