புள்ளிருக்குவேளூரில் ஒரு ஞாயிறு

மயிலாடுதுறைக்கும் சீர்காழிக்கும் இடையே உள்ளது வைத்தீஸ்வரன்கோயில். சடாயுவாகிய புள்ளும், இருக்கு வேதமும், வேலேந்திய முருகனும், ஊர் எனப்படும் சூரியனும் வழிபட்ட தலமாதலின் புள்ளிருக்குவேளூர் என்பது இதன் பழம்பெயர். சம்பந்தரும் அப்பரும் பாடிய பதி. தருமபுரம் ஆதீனத்தின் அருளாட்சியில் விளங்குவது. நோய் வந்தவர் இங்கு வந்து வேண்டுவதும், நோய் தீர்ந்தவர் நன்றி சொல்ல வருவதும் தலைமுறைகளாக நடந்துவருகின்றன.

அத்தகைய தலத்தின் கதவும் பெருந்தொற்றுக் காலத்தில் அடைபட்டிருந்தது. பல்லாண்டுகளுக்குப் பின் 2021 ஏப்ரல் 29 அன்று நடந்த குடமுழுக்கும் பக்தர் கூட்டமின்றியே நிறைவேறியது. அவ்வாண்டு ஜூலை 5 முதல் தமிழகக் கோயில்கள் மீண்டும் திறந்தன. எனினும் பின்னர் வெள்ளி, சனி, ஞாயிறு ஆகிய நாட்களில் தரிசனம் நிறுத்தப்பட்டது. அக்டோபர் நடுவில்தான் எல்லா நாளும் வழிபடலாம் என்ற நிலை வந்தது.

அதன்பின் வந்த ஐப்பசி ஞாயிறு ஒன்றில், கும்பகோணத்திலிருந்து ஒரு வேனில் பதினோரு பேர் இங்கு வந்து இறங்கினர். ஒரே பள்ளியில் ஆசிரியர்களாயிருந்து ஓய்வு பெற்ற நண்பர் மூவர், அவர்தம் துணைவியர், ஒருவருடைய பேரக்குழந்தைகள் இருவர், நான்காம் நண்பரின் மனைவி, அவருடைய மகன், மருமகள். நண்பர் நால்வரும் ஆண்டுதோறும் குடும்பத்தோடு இங்கு வருவது வழக்கம். இம்முறை நான்காமவர் இல்லை. வைகாசியில், மருத்துவமனையில், தொற்று அவரைக் கொண்டுபோயிற்று. மகனும் அதே நோயால் வீட்டில் தனித்திருந்தான். முகம் பார்க்கக் கிடைக்கவில்லை, கொள்ளியிடவும் கிடைக்கவில்லை.

மேலைக் கோபுர வாயிலில் அனைவரும் முகக்கவசத்தைச் சரிசெய்துகொண்டு நின்றபோது, அந்த அம்மையார் மட்டும் திண்ணையோரம் அமர்ந்துவிட்டார்.

“நீங்கள் போய்வாருங்கள் அண்ணா. உங்களோடு ஒரு நாள் இருக்கத்தான் வந்தேன். நாற்பது வருடம் அவரை வைத்தியன் என்று கும்பிட்டேன். அந்த ஒரு வாரம் அவர் எங்கே போயிருந்தார்?”

மூத்த நண்பர் மறுமொழி சொல்லவில்லை. “சரி தங்கச்சி, வெயில் ஏறினால் உள்ளே நிழலுக்கு வந்துவிடு” என்று மட்டும் சொல்லிச் சென்றார்.

உள்ளே சித்தாமிர்த தீர்த்தத்தின் படியில் குழந்தைகள் வெல்லக்கட்டியை நீரில் இட்டுக் கரைவதைப் பார்த்தனர். உடற்பிணி தீர வெல்லம் கரைப்பதும், உப்பும் மிளகும் செலுத்துவதும் இத்தல வழக்கம். தலமரமான வேம்பை வணங்கி, வைத்தியநாதரையும் தையல்நாயகி அம்மையையும் தரிசித்தனர். பிணியுற்ற அங்காரகனைக் குணப்படுத்தத் தைலம் ஏந்தி வந்தவள் அம்மை என்பது தலபுராணம். குமரகுருபரர் பிள்ளைத்தமிழ் பாடிய செல்வமுத்துக்குமாரசுவாமியின் சந்நிதியில் பெண்கள் நெடுநேரம் நின்றனர். அப்பன் மருத்துவன், அம்மை மருந்தேந்தியவள், இடையில் பிள்ளை. குடும்பத்தோடு வருவோர்க்கு இங்கே குடும்பமாகவே காட்சி கிடைக்கிறது.

வெயில் ஏறியது. அம்மையார் மெல்ல உள்ளே வந்தார். நண்பர்கள் அப்போது சடாயு குண்டத்தின் முன் நின்றிருந்தனர். சீதையை மீட்கப் போரிட்டுச் சிறகிழந்து வீழ்ந்த சடாயுவுக்கு இராமபிரான் ஈமக்கடன் செய்த இடம் என்று போற்றப்படுவது அது. அங்குள்ள சாம்பலைத் திருநீறாக அணிவது மரபு.

மூத்த நண்பர் இறந்தவரின் மகனை அருகழைத்தார். “தம்பி, தசரதன் இறந்தபோது இராமன் எங்கிருந்தான்?”

“காட்டில், மாமா.”

“தந்தைக்குக் கொள்ளியிட அவனுக்கும் கிடைக்கவில்லை. ஆனால் யாருமற்றுக் கிடந்த சடாயுவைத் தந்தையாக நினைத்து இங்கே கடன் செய்தான். உன் அப்பாவுக்கும் அன்று ஒருவர் செய்திருக்கிறார். கவச உடை போட்டுக்கொண்டு, நோய் வரும் என்று தெரிந்தும், பெயர்கூடத் தெரியாத ஒருவர். அவரும் யாரோ பெற்ற பிள்ளைதானே.”

மகன் தலைகுனிந்து நின்றான். சற்றுப் பின்னால் நின்ற அம்மையார் கேட்டுக்கொண்டிருந்தார். பிறகு முன்வந்து குண்டத்தை நெடுநேரம் பார்த்தார்.

“இத்தனை முறை வந்தும் இதை நின்று பார்த்ததில்லை அண்ணா. வைத்தியன் கோயிலுக்குள் சாம்பலும் இருக்கிறது” என்றார்.

பிழைத்தவர்க்கு மருந்துருண்டையும், பிழைக்காதவர்க்குக் கடன் செய்த குண்டமும் ஒரே மதிலுக்குள் உள்ளன. உடலுக்கு வைத்தியம் உண்டு. வந்த உயிர் போகாதிருக்க வைத்தியமில்லை. போன உயிரை அநாதையாக விடாதிருப்பதும் இறைவன் செயலே என்று இத்தலம் சொல்லாமல் சொல்கிறது.

அம்மையார் திருநீற்றை எடுத்து முதலில் மகன் நெற்றியில் இட்டார். தாமும் இட்டுக்கொண்டார். கேள்விக்கு விடை கிடைத்ததா என எவரும் கேட்கவில்லை. சந்நிதிக்குள் சென்றபோது அவர் எதையும் வேண்டிக்கொண்டதாகத் தெரியவில்லை. கைகூப்பி நின்றார், அவ்வளவே. மகன் மட்டும், அன்று தந்தைக்குக் கடன் செய்த அந்த முகம் தெரியாத மனிதர் நலமாயிருக்க வேண்டும் என அருச்சனை செய்தான். பெயரும் நட்சத்திரமும் தெரியாததால் சுவாமி பெயருக்கே செய்தார் குருக்கள்.

மதியம் ஊர்ப்புறத்தில் ஒரு மரநிழலில் கட்டுச்சாதம் பிரித்தனர். புளியோதரை, தயிர்சாதம், நார்த்தங்காய். ஒன்றரை ஆண்டுக்குப் பின் ஒன்றாக அமர்ந்து உண்ணும் உணவு. முகக்கவசம் கழற்றியதும் “தாத்தா, உங்களுக்குத் தாடி எப்போது வந்தது?” என்று பேரன் கேட்க, அனைவரும் சிரித்தனர். இறந்த நண்பர் நார்த்தங்காய்க்காகப் போடும் சண்டையை ஒருவர் நினைவுபடுத்தினார். சிரிப்பின் நடுவே கண் துடைத்துக்கொண்ட அம்மையார், ஒரு துண்டு நார்த்தங்காயை எடுத்து இலையோரம் தனியே வைத்தார்.

வேன் புறப்படும்போது மூத்த நண்பர் தயங்கிக் கேட்டார்: “அடுத்த வருடம்?”

“அவர் இடத்துக்கு இவன் வருவான். நானும் வருவேன் அண்ணா” என்றார் அம்மையார்.