ஒற்றையடிப் பாதை

மலைமீது மிதிவண்டியிற் செல்லுதலும் ஓர் இன்பமோ என்று வினவுவார் பலர். யாமும் முன்பு அவ்வாறு வினவியவர்களே. சென்ற கோடை விடுமுறையில் எம் கல்லூரித் தோழர் ஒருவருடன் யாமிருவரும் கோடைக்கானல் சென்று, பைன் மரக்காட்டினூடே சுற்றிப் புறப்பட்ட இடத்திற்கே மீளும் ஓர் ஒற்றையடிப் பாதையில் வண்டி செலுத்திய பின்னரே அவ்வினாவிற்கு விடை கிடைத்தது. கூடவே யாம் நாடாத பாடமொன்றும் கிடைத்தது.

பைன் அம்மலைக்குரிய மரமன்று. சோலையும் புல்வெளியுமாய் இருந்த சரிவுகளிற் பிற்காலத்தில் நடப்பெற்றது. மெக்சிகோ நாட்டைத் தாயகமாக உடைய இனமும் அவற்றுள் உண்டு. ஊசி போன்ற அதன் இலைகள் உதிர்ந்து தரையை மெத்தையென மூடுதலால், அடியிற் பிற செடிகள் மிகுதியாக வளர்வதில்லை, சக்கரத்தின் ஓசையும் எழுவதில்லை, தடமும் பதிவதில்லை.

இவ்விளையாட்டு, 1970-களில் கலிபோர்னியாவின் டமால்பையஸ் மலைப்பகுதியில் இளைஞர் சிலர் பழைய மிதிவண்டிகளைச் சரிவில் ஓட்டியதிலிருந்து வளர்ந்தது. ஒருமுறை இறங்கிய அளவிலே பிரேக்கின் மசகு வெந்து புகையும். மீண்டும் மசகு அடைத்தாக வேண்டும். 1996-இல் அட்லாண்டா ஒலிம்பிக்கிலும் இஃது இடம்பெற்றது. இந்நாளைய வண்டிகளுக்கோ தடித்த டயரும், குலுக்கலைத் தாங்கும் முன்கவையும், வட்டத்தகட்டுப் பிரேக்கும் உள.

வண்டிகளை வாடகைக்கு ஈந்த பெரியவர் எமக்கு இரண்டு விதிகளைக் கூறினார். "கல்லைப் பார்த்தால் கல்லிலேதான் முட்டுவீர்கள், தம்பி, போகவேண்டிய வழியைப் பாருங்கள்" என்பது ஒன்று. "பாதை பிரியுமிடத்தில் முன்னே போகிறவர் நின்று, பின்னே வருகிறவரைப் பார்த்த பிறகே போகவேண்டும்" என்பது மற்றொன்று. முன்னதைப் போற்றினோம், பின்னதை மறந்தோம்.

எம் தோழர் திருநெல்வேலிச் சீமையர், தேரிமணலிலும் பனங்காட்டு வழியிலும் வண்டி ஓட்டிப் பழகியவர், மலைக்குப் புதியவர். முதற் கவர்வழியில் அவருக்காக நின்றோம். அதன்பின் இறக்கம் வந்தது. இருக்கையினின்று சற்றே எழுந்து, உடலைப் பின்தாழ்த்தி, மரங்களினிடையே வளைந்து வளைந்து இறங்குங்கால் எய்திய களிப்பை என்னென்பது! ஒருவரையொருவர் முந்துதலிலே கருத்தாயினோம். கவர்வழிகள் இரண்டு கழிந்தமையை உணர்ந்தோமில்லை.

புறப்பட்ட இடத்தை அடைந்து திரும்பி நோக்கினோம். தோழரைக் காணோம். பனிமூட்டம் இறங்கத் தொடங்கியிருந்தது. கூவி அழைத்தோம், மறுமொழி இல்லை. வண்டிகளைப் போட்டுவிட்டுக் கால்நடையாய் மேலேறினோம். சற்றுமுன் நொடிப்பொழுதிற் கடந்த வழி அப்பொழுது எத்துணை நெடிதாயிற்று!

இரண்டாம் கவர்வழியில், முழங்காலிற் குருதி வழிய, கைப்பிடி திருகிய வண்டியருகே ஒரு வேரின்மேல் அவர் அமர்ந்திருந்தார். சினந்தாரல்லர்.

"உங்கள் சக்கரத்தின் தடத்தைத் தேடினேன், ஊசியிலைமேல் ஒன்றும் பதியவில்லை. வழிதப்பி அலைவதினும் இங்கிருப்பதே நன்றென்று இருந்துவிட்டேன். நீங்கள் வருவீர்கள் என்று அறிவேன்" என்றார்.

அவர் வைதிருந்தால் ஆறியிருப்போம். அந்நம்பிக்கை எம்மைச் சுட்டது. அவர் நம்பிய அளவிற்கு யாம் அவரை நினைந்தோமில்லையே! கைக்குட்டையாற் காயத்தைக் கட்டி, அவர் வண்டியை உருட்டிக்கொண்டு, மூவரும் மெல்ல நடந்து இறங்கினோம்.

இரண்டு நாள் கழித்து, "மீண்டும் போவோம்" என்று அவரே அழைத்தார். இம்முறை அவரை முன்விட்டு யாம் பின்சென்றோம். ஒற்றையடிப் பாதையில் இருவர் அருகருகே செல்லுதல் இயலாது. ஆயினும் உடன் செல்லுதல் இயலும் என்பதை அன்று அறிந்தோம். யாம் அணித்தே வருதலை அறிந்திருந்தும், ஒவ்வொரு கவர்வழியிலும் அவர் ஒரு காலைத் தரையில் ஊன்றி நின்று, எம்மைத் திரும்பிப் பார்த்த பின்னரே சென்றார்.