மான்செஸ்டர் குடிக்கும் ஏரி

மாமாவுக்கு,

ஏரி மாவட்டத்துக்குக் கார் எடுத்துக்கொண்டு போய்வந்தோம் என்று சொன்னதும் நீங்கள் போனில் கேட்டது ஒன்றுதான்: "எல்லாம் பெருகிக் கெடக்கா? மறுகால் போகுதா?" இங்கே ஆபீசில் சொன்னால் எந்த மலை ஏறினாய், படகில் போனாயா என்பார்கள். உங்கள் கேள்விக்குப் போனில் பதில் சொல்லி முடியாது. அதனால்தான் இந்த மடல்.

மறுகால் என்று இங்கே யாரும் எட்டிப் பார்ப்பதில்லை. பெரும்பாலான ஏரிகள் பனியுகத்தில் பனியாறுகள் குடைந்துவிட்டுப் போன பள்ளங்கள். விண்டர்மியர் 17 கிலோமீட்டர் நீளம், இங்கிலாந்திலேயே பெரியது. வாஸ்ட்வாட்டர் 79 மீட்டர் ஆழம். ஸ்ரீவில்லிபுத்தூர் பெரியகுளத்தைப் போல மண்சுமந்து கரை போட்டு, மடை வைத்து, ஊர்கூடி மராமத்துப் பார்த்ததல்ல. தண்ணீர் தானாக வந்து கிடக்கிறது.

வராமல் எங்கே போகும்? சீத்வெயிட் என்ற குக்கிராமத்தில் ஆண்டுக்குச் சுமார் 3,500 மில்லிமீட்டர் மழை. நம் விருதுநகர் மாவட்டத்துக்கு 800-ஐ ஒட்டித்தான் கிடைக்கும். ஆனால் இந்த மழை ஆளை மிரட்டாது. வைப்பர் நாளெல்லாம் ஆடிக்கொண்டே இருந்தது. நம் ஐப்பசி மழைபோல் ஒரு தடவையாவது இறங்கிக் கொட்டும் என்று பார்த்தேன், இல்லை. பன்னிரண்டு மாதத்துக்கும் பிரித்துக் கொடுக்கிற மழை அது. நமக்கோ வருடத்துப் பங்கில் பெரும்பகுதி சில ராத்திரிகளில் வந்து விழும். பிடித்து வைக்கக் கண்மாய் இருந்தால்தான் தை மாதம் வயலில் கதிர் நிற்கும்.

மிரட்டாது என்று ஒரேயடியாகவும் சொல்லிவிட முடியாது. 2015 டிசம்பர் 5-ஆம் தேதி ஹானிஸ்டர் கணவாயில் 24 மணி நேரத்தில் 341.4 மில்லிமீட்டர் பெய்தது. இந்த நாட்டில் அப்படி ஒரு கணக்கு அதற்குமுன் பதிவானதில்லை. கிராஸ்மியரிலிருந்து கெஸ்விக் போகும் ஏ591 சாலையை வெள்ளம் அறுத்துக்கொண்டு போனது, அடுத்த மே மாதம்தான் திறந்தார்கள். சென்னை மூழ்கியதும் அதே வாரம்தான், நினைவிருக்கிறதா?

அந்தச் சாலையில்தான் நாங்களும் போனோம். பெரிய சாலையை விட்டு இறங்கினால் எல்லாம் ஒற்றை வண்டிப் பாதை. இரண்டு பக்கமும் சாந்து பூசாமல் அடுக்கிய கல்சுவர், கண்ணாடி உரசிவிடும் நெருக்கம். ஆங்காங்கே ஒதுங்க இடம் விட்டிருக்கிறார்கள். இடப்பக்கம் இருந்தால் அதில் நுழைந்துகொள்ளலாம், வலப்பக்கம் இருந்தால் அதற்கு எதிரே நின்று, வருகிறவரை அதில் நுழையவிட வேண்டும். ஏறுகிற வண்டிக்கு இறங்குகிற வண்டி வழிவிட வேண்டும். ஒவ்வொருவரும் கையை உயர்த்தி நன்றி சொல்லிவிட்டுப் போகிறார்கள். நம் ராஜபாளையம் முடங்கியாறு ரோட்டில் இதையெல்லாம் நினைத்துப் பார்க்கிறேன், சிரிப்பு வருகிறது.

நீங்கள் தெரிந்துகொள்ள வேண்டிய ஏரி தர்ல்மியர். அது பாதிக்குமேல் மனிதன் செய்தது. மான்செஸ்டரில் பஞ்சாலைகள் பெருகி, ஜனமும் பெருகி, தண்ணீர் போதவில்லை. 1879-இல் பாராளுமன்றத்தில் சட்டம் வாங்கி, பழைய ஏரியின் வாயில் அணை கட்டி, மட்டத்தை ஐம்பதடி அளவுக்கு உயர்த்தினார்கள். 1894-இல் தண்ணீர் புறப்பட்டது. 96 மைல், ஒரு பம்பு கிடையாது. நிலத்தின் சரிவை நம்பியே கால்வாயும் சுரங்கமும் குழாயுமாகக் கொண்டுபோனார்கள். கிளம்பிய தண்ணீர் நகரம் வந்துசேர ஒரு நாளுக்குமேல் ஆகும். அடுத்த ஆண்டே, 1895-இல், பென்னிகுக் கட்டிய பெரியாறு அணையிலிருந்து மலையைக் குடைந்து மதுரைப் பக்கம் தண்ணீர் இறங்கியது. அந்தத் தலைமுறை எஞ்சினியர்களுக்கு மலை ஒரு தடையாகவே தெரியவில்லை போலும். அழகர் அணைக்கு இன்னும் மனுக் கொடுத்துக்கொண்டிருக்கிற நம் ஊர்க்காரர்களுக்கு இதைப் படிக்கையில் வயிறு எரியும், எனக்கும் எரிந்தது.

எதிர்ப்பு இல்லாமலில்லை. ஜான் ரஸ்கின் போன்ற பெரிய எழுத்தாளர்களே எதிர்த்தார்கள், தோற்றார்கள். 1895-இல் இயற்கையைக் காக்கும் நேஷனல் டிரஸ்ட் அமைப்பு தோன்றியதற்கு அந்தத் தோல்வியின் சூடும் ஒரு காரணம் என்பார்கள். ஜெயித்த மான்செஸ்டர் மாநகராட்சி, கரையைச் சுற்றி ஊசியிலை மரங்களை நெருக்கி நட்டு, ஜனங்களை அண்டவிடாமல் வெகுகாலம் வைத்திருந்தது. இப்போது அந்தத் தோப்பைப் பார்த்துத்தான் "கைபடாத இயற்கை" என்று எல்லோரும் போட்டோ எடுக்கிறார்கள். நானும் எடுத்தேன், அழகாகத்தான் இருக்கிறது.

இரண்டாவது தடவை தாகம் எடுத்தபோது ஹாஸ்வாட்டர். 1930-களில் அணை எழுப்பி, மார்டேல் கிரீன் என்ற கிராமத்தை மூழ்கடித்தார்கள். கோயிலை இடித்து, கல்லறையில் கிடந்தவர்களைத் தோண்டியெடுத்து ஷாப் என்ற ஊரில் மறுபடி புதைத்தார்கள். கோடை கடுமையாகும்போது, 1984-லும் 2018-லும் போல, வேலிச்சுவர்களும் சிறு பாலமும் வெளியே தெரியும். ஜனம் திரண்டு வேடிக்கை பார்க்கும். இந்த இரண்டு ஏரித் தண்ணீரும்தான் மான்செஸ்டரில் என் வீட்டுக் குழாயில் வருகிறது. ஆறாவது மைல் அணைத் தண்ணீர் குடித்து வளர்ந்த வாய்க்கு முதலில் சப்பென்றிருந்தது, பழகிவிட்டது.

யாருக்காக இத்தனையும் செய்தார்களோ அந்த மில்களில் இப்போது ஒரு கதிர்கூடச் சுற்றவில்லை மாமா. ஆன்கோட்ஸில் நூல் நூற்ற கட்டடங்கள் அடுக்குமாடி வீடுகளாகிவிட்டன. 1936-இல் தொடங்கிய ராஜபாளையம் மில்லின் சங்கு கேட்டு எழுந்தவர் நீங்கள். சத்திரப்பட்டியில் இன்றும் பேண்டேஜ் துணி நெய்கிறார்கள். நம் நெசவாளியை ஒருகாலத்தில் தெருவில் நிறுத்திய மான்செஸ்டர் துணியைத் தேடினால் இங்கே மியூசியத்தில்தான் கிடைக்கும். தண்ணீர் மட்டும் வந்துகொண்டே இருக்கிறது.

அத்தையும் நீங்களும் மே மாதம் வந்தால் நல்லது, பகல் நீளம். நம் லைசென்ஸை வைத்து இங்கே ஒரு வருடம்வரை ஓட்டலாம். நீங்களும் ஸ்டியரிங் பிடிக்க ஆசைப்பட்டால் கொண்டுவாருங்கள், இடப்பக்கம் ஓட்டுகிற நாடுதான். வாடகைக் காரில் உங்கள் பெயரையும் சேர்த்துவிடுகிறேன், வயது வரம்பு இருக்கிறதா என்று முன்னாலேயே கேட்டுக்கொள்ள வேண்டும். குடை வேண்டாம், காற்றில் திருப்பிப் போட்டுவிடும். தொப்பி வைத்த மழைக்கோட்டு நான் வாங்கி வைக்கிறேன். பால்கோவாவை மட்டும் பெட்டியில் வைத்துவிடாதீர்கள். பால் பண்டம் எதையும் நம் நாட்டிலிருந்து கொண்டுவர அனுமதி இல்லை, ஏர்போர்ட்டில் எடுத்துக் குப்பையில் போட்டுவிடுவார்கள். அத்தையிடம் இதை நீங்களே பக்குவமாகச் சொல்லிவிடுங்கள்.

உங்கள் மருமகன்