இழைப்புளி

தில்லி கன்னாட் பிளேசில் ரிக்கிராம் இசைக்கருவிக் கடை உள்ளது. 1920இல் லாகூரில் தொடங்கிய அக்குடும்பத் தொழில், நாட்டுப் பிரிவினைக்குப்பின் தில்லிக்குப் பெயர்ந்தது. இங்கிலாந்தின் பீட்டில்ஸ் இசைக்குழுவினர் 1966இல் அங்குக் கருவிகள் வாங்கினர்.

தஞ்சை வீணைக்குப் பலாமரம் கொள்வர். சிதாருக்குத் தூன் அல்லது தேக்கு. சிதாரின் முகப்புப் பலகை நடுவில் சற்றே புடைத்திருக்கும். அது தடித்தால் ஒலி அடங்கும். மிக மெலிந்தால் தந்திகளின் இழுப்பைத் தாங்காது. எனவே, எந்த இழைப்புளியை (இழைப்பு + உளி, தில்லித் தச்சர் மொழியில் ‘ரந்தா’) எடுப்பது என்பதே முதற்கேள்வி. நீண்ட இழைப்புளி மேடுகளைச் சீவிச் சமதளமாக்கும். கதவுக்கு அது நன்று. புடைத்த முகப்புக்குக் கைக்கடக்கமான சிறியதே ஏற்றது. அதன் அலகும் மயிரிழையளவே வெளியே நீண்டிருத்தல் வேண்டும். சீவிய சுருளை மீண்டும் ஒட்ட இயலாதன்றோ!