ஏழாம் வைஃபையும் எங்கள் வீட்டுச் சுவரும்

ஜூலை 6, 2025, ஞாயிறு. ஸ்ரீரங்கம்

வைஃபை 7 ரூட்டர் வாங்கியே ஆக வேண்டும் என்று மகள் மனு கொடுத்திருக்கிறாள். பெங்களூர் கம்பெனி வேலையை எங்கள் வீட்டுக் கடைசி அறையில் உட்கார்ந்து பார்க்கிறாள். மீட்டிங்கில் அவள் சொல்வதில் பாதி அந்தப் பக்கம் போய்ச் சேர்வதில்லையாம். "அப்பா, நம்மாத்துல இருக்கறது 5. ஊரே 7க்குப் போயாச்சு" என்கிறாள். அம்மாவும் அவள் கட்சிதான். சாயங்கால உபன்யாசத்தை டேப்லெட்டில் கேட்கும் அம்மாவுக்கு, "நல்ல இடமாப் பாத்து நிக்கறதுடா, சுத்திண்டே இருக்கு" என்று தினமும் ஒரு புகார்.

விலை பத்தாயிரத்தை ஒட்டி வருகிறது. பணம் இல்லாமல் இல்லை. ஆடிட்டர் ஆபீசில் மற்றவர்கள் செலவுக்கெல்லாம் காரணம் கேட்டே பழகியவன், என் செலவுக்கும் கேட்காமல் விட மனம் வரவில்லை.

ஜூலை 8, செவ்வாய்

இந்த 4, 5, 6, 7 என்று எண்ணால் பெயர் வைக்கும் வழக்கத்தை வைஃபை கூட்டமைப்பு 2018இல் தொடங்கியது. அதற்கு முன் 802.11 என்று தொடங்கி ஓரிரு எழுத்தில் முடியும், கடைக்காரருக்கே வாயில் நுழையாது. 2009இல் வந்தது 4, 2013இல் வந்தது 5. ஆறுக்கான தரம் 2021இல் முறைப்படி வெளியானது. ஏழுக்குச் சான்றிதழ் தரத் தொடங்கியது 2024 ஜனவரியில்.

இதில் ஒரு சூட்சுமம் உண்டு. ஐந்தாம் வைஃபை 5 கிகாஹெர்ட்ஸ் பட்டையில் மட்டும்தான் ஓடும். அதே பெட்டி 2.4 கிகாஹெர்ட்ஸில் பேசும்போது அது பழைய 4தான். எங்கள் வீட்டில் ரேழியில் இருக்கும் பெட்டி வாசல் பக்கம் 5, கொல்லைப் பக்கம் 4. மகள் உட்காரும் இடத்துக்கு 5 போய்ச் சேர்வதே இல்லை. போகாததை 7 ஆக்கி என்ன செய்ய? இதை அவளிடம் இன்னும் சொல்லவில்லை. ஆதாரம் வேண்டும்.

ஜூலை 13, ஞாயிறு

போனில் சிக்னல் அளக்கும் செயலியைப் போட்டுக்கொண்டு காலையில் வீடு முழுக்க நடந்தேன். "ஏன்னா, நடக்கறதுன்னா கொள்ளிடக்கரைக்குப் போகலாமே" என்றாள் மனைவி.

எங்கள் வீட்டைப் பற்றி இங்கே எழுதி வைக்க வேண்டும், ஏனென்றால் வழக்கே அதன்மேல்தான். அகலம் 18 அடி, நீளம் நூறு அடிக்கு மேல். திண்ணை, ரேழி, கூடம், முற்றம், அடுக்களை, அதைத் தாண்டி ஓர் அறை, கிணறு, கொல்லை. இருபக்கச் சுவரும் அடுத்த வீட்டாருக்கும் பொது. குறுக்குச் சுவர்கள் சுண்ணாம்புச் சாந்தில் கட்டிய செங்கல், ஒன்றரை அடி கனம். ஃபைபர் வயர் தெருக் கம்பத்திலிருந்து வருவதால் வந்தவர்கள் ரேழியிலேயே பெட்டியை மாட்டிவிட்டுப் போனார்கள். எல்லா வீட்டிலும் அப்படித்தான் மாட்டுகிறார்கள். அவர்கள் வேலை வாசலோடு முடிந்துவிடுகிறது.

அளவுகள்: ரேழியில் மைனஸ் 45 டிபிஎம். கூடத்தில் 58. அடுக்களையில் 70. கடைசி அறையில் 81. இதில் எண் பத்து ஏறும்போதெல்லாம் வந்து சேரும் திறன் பத்தில் ஒரு பங்காகிறது. ஆக ரேழியில் கிடைப்பதில் சுமார் 4,000இல் ஒரு பங்குதான் மகளுக்குக் கிடைக்கிறது. குரலோ வீடியோவோ தடங்கல் இல்லாமல் போக 67க்குள் இருப்பது நல்லது என்பார்கள். இத்தனைக்கும் இது 2.4 பட்டையின் கணக்கு. 5 கிகாஹெர்ட்ஸ் அடுக்களை வாசலிலேயே மூச்சை விட்டுவிட்டது.

அதிர்வெண் கூடக்கூடச் சுவர் அதிகம் தின்னும். திறந்த வெளியிலேயே, அதே வகை ஆன்டெனாவுக்கு, அதிர்வெண் இரட்டிப்பானால் சேரும் திறன் கால்பங்காகிவிடும். அதன்மேல் செங்கல். அதன்மேல் கூடத்து மூலையில் நிற்கும் இரும்பு பீரோ. கடைசி அறைக் கதவில் கொசுவுக்காக அடித்த அலுமினிய வலை வேறு. அந்த வலையின் கண்கள் அலை நீளத்தைவிட மிகச் சிறியவை (2.4க்கு அலை நீளம் 12.5 செ.மீ.). கொசுவோடு சேர்த்து வைஃபையையும் நிறுத்துகிறது.

பக்கத்து வீடுகளின் வைஃபையும் செயலியில் வரிசையாக வந்தது. பாதிப் பெயர்களில் ரங்கா இருக்கிறார். 2.4 பட்டையில் ஒன்றன்மேல் ஒன்று ஏறாத சேனல்கள் 1, 6, 11 என மூன்றே மூன்று. தெருவில் முக்கால்வாசிப் பேர் 1லும் 6லும் நெருக்கியடித்துக்கொண்டிருக்கிறார்கள். நம்மதை 11க்கு மாற்றினேன். அம்மாவின் உபன்யாசம் அன்று சாயங்காலம் நிற்கவில்லை. செலவு பூஜ்யம்.

ஜூலை 16, புதன்

ஃபைபர்காரருக்குப் போன் செய்தேன். "சார், பாக்ஸ்ல லைட் பச்சையா இருக்கா? அப்ப லைன் ஓகே. 300 பிளானுக்கு மாறிடுங்க சார், பிரச்சினையே இருக்காது." இப்போது இருப்பது 100 எம்பிபிஎஸ். 4கே படத்துக்கே 15 போதும் என்கிறது நெட்ஃபிளிக்ஸ். மீட்டிங்குக்கு நான்கு போதும். குழாயில் தண்ணீர் இருக்கிறது, கொல்லைக்கு வரவில்லை, அவ்வளவே.

ஜூலை 20, ஞாயிறு

மகள் காட்டிய விளம்பரத்தில் ரூட்டருக்கு ஆறு ஆன்டெனா. எதற்கு இத்தனை என்று தேடப்போய், பொள்ளாச்சியில் பிறந்த ஆரோக்கியசாமி பால்ராஜ் வரை போய்விட்டேன்.

இந்தியக் கடற்படை அதிகாரியாக இருந்தவர். 1971 போரில் ஐஎன்எஸ் குக்ரி கப்பலைப் பாகிஸ்தான் நீர்மூழ்கி மூழ்கடித்த பிறகு, நீரடியில் எதிரியை ஒலியால் கண்டுபிடிக்கும் சோனார் கருவிகளில் இறங்கினார். கடற்படையின் 'அப்சோ' சோனார் அவர் தலைமையில் உருவானது. பிறகு ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகம். அங்கே 1992இல் அவர் முன்வைத்த யோசனை: ஒரே அலைவரிசையில், பல ஆன்டெனாக்களிலிருந்து வெவ்வேறு தகவல் ஓடைகளை ஒரே நேரத்தில் அனுப்பலாம். அங்கே பேராசிரியரான தாமஸ் கைலாத்துடன் சேர்ந்து பெற்ற காப்புரிமை 1994இல் வந்தது. அதுவரை சுவரில் பட்டுத் திரும்பும் அலைகளை ரேடியோ பொறியாளர்கள் தொல்லையாகவே பார்த்தார்கள். ஒவ்வொரு ஓடையும் வேறு வேறு வழியில் மோதித் திரும்பி வருவதால்தான் அவற்றைப் பிரித்தெடுக்க முடிகிறது என்று காட்டியது இந்த முறை. மைமோ என்பது இதன் பெயர். 2009இல் நாலாம் வைஃபையில் நுழைந்தது, அதிலிருந்து எல்லா எண்ணிலும் இருக்கிறது. பால்ராஜுக்கு 2010இல் பத்ம பூஷண், 2014இல் மார்கோனி பரிசு. நம் பாடப்புத்தகங்களில் அவர் பெயரை நான் பார்த்ததில்லை.

ஸ்ரீரங்கத்தில் உட்கார்ந்து இந்த மாதிரி விஷயம் எழுதினால் எழுத்தாளர் சுஜாதா பெயரைச் சொல்லாமல் இருக்க முடியாது என்பார்கள். முயன்று பார்க்கிறேன்.

ஜூலை 26, சனி

ஏழாம் வைஃபையின் உண்மையான பலம் என்ன என்று இரவு உட்கார்ந்து படித்தேன். மூன்று.

ஒன்று, 320 மெகாஹெர்ட்ஸ் அகலமுள்ள சேனல். இதற்கு 6 கிகாஹெர்ட்ஸ் பட்டை வேண்டும். அமெரிக்கா 2020 ஏப்ரலில் அந்தப் பட்டையில் 1,200 மெகாஹெர்ட்ஸை உரிமம் இல்லாத பயன்பாட்டுக்குத் திறந்துவிட்டது. இங்கே 2.4 பட்டைக்கு 2005லும், 5 பட்டையின் பெரும்பகுதிக்கு 2018லும் விடுதலை கிடைத்தது. 6 பட்டைக்கு 2025 மே மாதம்தான் தொலைத்தொடர்புத் துறை வரைவு விதி வெளியிட்டது: 5925 முதல் 6425 வரை, 500 மெகாஹெர்ட்ஸ், வீட்டுக்குள் குறைந்த சக்தியில். மொபைல் நிறுவனங்கள் அந்தப் பட்டை தங்களுக்கு வேண்டும் என்று மல்லுக்கு நின்றன. 2025 ஜூலை வரை இறுதி அறிவிப்பு வரவில்லை. வந்தாலும் 500இல் 320 அகலச் சேனல் ஒன்றுதான் அடங்கும். இங்கே கடையில் 7 என்று விற்கும் மலிவுப் பெட்டிகள் பெரும்பாலும் 2.4, 5 இரண்டு பட்டை மட்டும் உள்ளவை.

இரண்டு, ஒவ்வொரு குறியிலும் அதிகத் தகவலை அடைப்பது. ஆறில் 1,024 புள்ளிகள், ஏழில் 4,096. அதே வாசலில் நாலு மடங்கு புள்ளி வைத்துக் கோலம் போடுவது போல. கை கொஞ்சம் நடுங்கினாலும் புள்ளிகள் ஒன்றோடொன்று ஒட்டிவிடும். சிக்னல் மிகப் பலமாக இருந்தால்தான் இது நடக்கும். அதாவது பெட்டி இருக்கும் அறையிலேயே. எங்கள் ரேழியில் செருப்பு ஸ்டாண்டுக்கு இது கிடைக்கும்.

மூன்று, ஒரே சமயத்தில் இரண்டு பட்டைகளில் இணைந்து பேசுவது. நல்ல விஷயம், ஒத்துக்கொள்கிறேன். ஆனால் பெட்டி மட்டுமல்ல, போனும் லேப்டாப்பும் 7 ஆக இருக்க வேண்டும். எங்கள் வீட்டில் மகளின் லேப்டாப் 6. டிவி 5. அம்மாவின் டேப்லெட் 4, அதுவும் 2.4 மட்டும்.

ஆகஸ்ட் 3, ஞாயிறு

ஆடிப்பெருக்கு. மேட்டூர் ஜூன் கடைசியிலேயே நிரம்பிவிட்டதால் காவிரியில் நல்ல தண்ணீர். அம்மா மண்டபப் படித்துறைக் கூட்டத்தில் பிரிந்த மனைவிக்குப் போன் செய்தால் கால் போகவே இல்லை. டவர் அங்கேயே நிற்கிறது. ஆயிரக்கணக்கானவர் ஒரே காற்றில் பேச முயன்றால் இதுதான்.

இந்த நெரிசலுக்காகவே செய்தது ஆறாம் வைஃபை. ஒரு சேனலைத் துண்டு போட்டு ஒரே நொடியில் பல கருவிகளுக்குப் பங்கு கொடுக்கும், பக்கத்து வீட்டு அலையை அடையாளம் கண்டு ஒதுக்கும். ஒட்டிக்கட்டிய எங்கள் தெருவுக்கு ஏழைவிட ஆறு அதிகம் பொருந்துகிறது என்று படித்துறையில் நின்றபோது தோன்றியது.

ஆகஸ்ட் 6, புதன்

ஆபீசில் சும்மா கிடந்த நீள நெட்வொர்க் வயரை வாங்கி வந்து, ரேழிப் பெட்டியிலிருந்து கூடம் வழியாக முற்றத்தின் ஓரமாக இழுத்து மகள் லேப்டாப்பில் நேராகச் செருகினேன். அம்மா தடுக்கி விழாமல் இருக்கப் பாய் போட்டு மூடினேன். நாள் முழுக்க மீட்டிங். ஒரு தடவைகூட அறுபடவில்லை. "அப்பா, லைன்ல ஒண்ணுமே இல்லையா அப்போ?" என்றாள். லைன் மேல் குற்றமில்லை, வீட்டின் நீளம்தான்.

இன்னொன்றும் தெரிந்தது. வேகம் அளந்தால் 94 எம்பிபிஎஸ்ஸில் நிற்கிறது. ஃபைபர் பெட்டியின் பின்பக்கத் துளையே 100 மெகாபிட் வகை, கழிவெல்லாம் போக 94தான் தரும். இதன் பின்னால் பத்தாயிரம் ரூபாய் ரூட்டரை மாட்டினாலும் இணையம் 94ஐத் தாண்டாது. விளம்பரத்தில் 3,600 என்று பெரிய எழுத்தில் போட்டிருக்கிறார்கள்.

ஆகஸ்ட் 9, சனி

வயர் வாங்கத் திருச்சி சிங்காரத்தோப்புக்குப் போனேன். கடைப் பையன் முதலில் எடுத்துப் போட்டது மலிவு வயர். "சார், இதுவும் கேட் 6தான், சல்லிசா வரும்." பிளேடால் சுரண்டிக் காட்டச் சொன்னேன். உள்ளே வெள்ளை. அலுமினியத்துக்குமேல் செம்புப் பூச்சு. நீளமாக இழுத்தால் இழப்பு அதிகம், வளைத்தால் சீக்கிரம் முறியும். முழுச் செம்பு வயர் வாங்கினேன். நல்ல வயர் நூறு மீட்டர் வரை ஆயிரம் மெகாபிட்டைச் சிந்தாமல் கொண்டுபோகும். எங்கள் வீடு அதில் மூன்றில் ஒரு பங்குதான்.

கூடவே ஆறாம் வைஃபை பெட்டி ஒன்று, மூவாயிரத்துச் சொச்சம். ஐந்துக்கும் இதற்கும் சில நூறு ரூபாய்தான் வித்தியாசம். புதிய பூட்டான டபிள்யூபிஏ3 இதில் உண்டு, 2020 நடுவிலிருந்து அது இல்லாமல் சான்றிதழே தருவதில்லை. சிக்னலை வாங்கித் திருப்பி விடும் ரிப்பீட்டரைப் பையன் சிபாரிசு செய்தான். மறுத்துவிட்டேன். கேட்பதும் சொல்வதும் ஒரே சேனலில் என்றால் வேகம் பாதியாகும், அதிலும் 81இல் கேட்பதை அது என்னவென்று திருப்பிச் சொல்லும்?

ஆகஸ்ட் 16, சனி

எலக்ட்ரீஷியன் வந்தார். சுவரை உடைக்கவில்லை. கூடத்து உத்தரத்தை ஒட்டி பிவிசி கேசிங் அடித்து, முற்றத்தின் தாழ்வாரத்துக்கு அடியில் கொண்டுபோய், அடுக்களைச் சுவரில் மட்டும் ஒரு துளை. ஒன்றரை அடிச் சுண்ணாம்புச் சுவருக்கு அவருடைய டிரில் பிட்டே போதவில்லை. வேறு ஒருவரிடம் நீள பிட் வாங்கி வந்தார்.

இரண்டு பெட்டிக்கும் ஒரே பெயர், ஒரே பாஸ்வேர்ட். சேனல் மட்டும் வேறு: வாசலில் 11, கொல்லையில் 1, 5 பட்டையில் 36உம் 149உம். கூடத்தில் பிடித்த சிக்னலை லேப்டாப் கடைசி அறை வரை விடாமல் இழுத்துக்கொண்டு வந்தது. வாசல் பெட்டியின் 2.4 சக்தியைக் குறைத்த பிறகு சரியானது. மகள் மேசையில் இப்போது மைனஸ் 43.

ஃபைபர் பெட்டிக்குக் கிகாபிட் துளை வந்து, வீட்டில் இரண்டு மூன்று கருவியாவது 7 ஆன பிறகு மறுபடி யோசிக்கலாம். அப்போதும் அறைக்கொரு பெட்டி வேண்டும், பெட்டிக்கொரு வயர் வேண்டும். அதுவரை 7 வேண்டாம் என்பது என் தீர்ப்பு.

பழைய வீட்டில் வயரிங் மாற்றுகிறவர்களும் புதிதாகக் கட்டுகிறவர்களும் ஒன்று செய்யுங்கள். எலக்ட்ரீஷியன் சுவரைத் திறந்து வைத்திருக்கும் அந்த நாளில், வாசலிலிருந்து கடைசி அறை வரை ஒரு காலி பைப் போடச் சொல்லுங்கள். கரண்ட் வயர் போகும் பைப் வேண்டாம், தனியாக ஒன்று. உள்ளே ஒரு நைலான் கயிற்றையும் விட்டு வைக்கச் சொல்லுங்கள்.